பெட்டிகளை அடுக்கினால் கடைத்தெரு ஆகிவிடாது

கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்திலோ, கோவை, மதுரை, திருச்சியின் புறவழிச் சாலைகளிலோ காலி மனை வைத்திருப்பவர்களிடம் இப்போது ஒரே யோசனைதான் சுற்றிவருகிறது. பழைய கப்பல் கன்டெய்னர்களைப் பத்துப் பதினைந்து வாங்கி இறக்க வேண்டியது. பக்கச் சுவரை வெட்டி ஜன்னல் வைத்து, பளிச்சென்று பெயின்ட் அடித்து, நடுவில் பேவர் பிளாக் பதித்து, மேலே சீரியல் பல்புகளைத் தொங்கவிட வேண்டியது. கீழே உணவுக் கடைகள், ஓரமாக இரண்டு துணிக்கடை, செல்போன் உறை விற்கும் கடை ஒன்று, மேல்தளத்தில் உட்கார்ந்து சாப்பிட இடம். மாடுலர் வளாகம் தயார் என்கிறார்கள்.

இந்த யோசனைக்கு நான்கு நற்சான்றுகள் சொல்லப்படுகின்றன. மலிவு. மூன்று மாதத்தில் முடிந்துவிடும். பழைய பொருளையே மறுபடி பயன்படுத்துவதால் சுற்றுச்சூழலுக்கு நல்லது. குத்தகை முடிந்தால் தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போகலாம். மனை உரிமையாளர், முதலீட்டாளர், கட்டடக்கலை மாணவர், நகராட்சி அதிகாரி என்று எல்லோரும் இந்த நான்கையும் அப்படியே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நம் வெயிலுக்கும் மழைக்கும் சமையலுக்கும் கப்பல் பெட்டி பொருந்தாது என்பது என் முதல் மறுப்பு. அதைவிடப் பெரிய மறுப்பு ஒன்று உண்டு. கடைத்தெருவில் எது நிலையாக இருக்க வேண்டும், எது மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற வரிசையையே இந்தப் பெட்டி தலைகீழாக்கிவிடுகிறது. வருடத்துக்கு ஒருமுறை மாறக்கூடிய கடையின் சுவர் இரண்டு டன் இரும்பாக நிற்கிறது. எந்தக் கடை வந்தாலும் தேவைப்படுகிற தண்ணீரும் சாக்கடையும் நிழலும் ஒட்டுப்போட்ட ஏற்பாடுகளாக ஓரத்தில் கிடக்கின்றன.

பெட்டியின் பிறப்பைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். 1956 ஏப்ரலில் 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 பெட்டிகளோடு அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. மால்கம் மெக்லீன் என்ற லாரிக் கம்பெனி முதலாளியின் ஏற்பாடு அது. மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்குவதை விட்டுவிட்டு, லாரியின் பெட்டியையே கப்பலுக்குள் வைத்துவிட்டால் நேரமும் கூலியும் மிச்சம் என்பது அவர் கணக்கு. உலக வணிகத்தையே மாற்றிய கணக்கு அது. அதன் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் இன்று நாம் பார்க்கும் 20 அடிப் பெட்டியின் அளவுகள் எல்லாம் சாலையையும் ரயிலையும் கப்பலின் வயிற்றையும் பார்த்து முடிவானவை. வெளியே 6.058 மீட்டர் நீளம், 2.438 மீட்டர் அகலம். உள்ளே கிடைப்பது சுமார் 2.35 மீட்டர் அகலமும் 2.39 மீட்டர் உயரமும். கடல் காற்றும் தண்ணீரும் உள்ளே புகக்கூடாது என்பதற்காகவே அடைத்துச் செய்யப்பட்ட பொருள். அதற்குள் ஒரு மனிதர் எட்டு மணி நேரம் நின்று பரோட்டா போடுவார் என்று யாரும் நினைத்துப் பார்த்திருக்க முடியாது.

அந்த மனிதரை உள்ளே நிறுத்திப் பார்ப்போம். வெறும் இரும்புத் தகட்டோடு விட்டால் வெயிலில் கை வைக்க முடியாது. ஆகவே உள்பக்கம் இருபுறமும் ஐந்து சென்டிமீட்டருக்கு வெப்பத் தடுப்பு அடிக்க வேண்டும். அகலம் 2.25 மீட்டர் ஆகிவிட்டது. கல் வைத்த அடுப்பு மேடைக்கு 75 சென்டிமீட்டர். எதிரே மாவு வைக்கவும் பரிமாறவும் 60. மிச்சம் இருப்பது 90 சென்டிமீட்டர். அதற்குள் மாஸ்டர் மாவை வீச வேண்டும், உதவியாள் முட்டை எடுக்கப் பின்னால் போக வேண்டும், ஃபிரிட்ஜ் கதவு திறக்க வேண்டும். உயரத்தில் புகைபோக்கியின் கூண்டு தலைக்குச் சற்று மேலே வந்து நிற்கும்.

வெப்பத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஏறக்குறைய 12 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வெளிவரும். சுறுசுறுப்பான ஒரு கடை, மாலை நேரத்தில் மணிக்கு ஒரு கிலோ எரிக்கும் என்று வைத்துக்கொள்வோம். பாதி வெப்பம் சட்டியிலும் புகைபோக்கியிலும் போய்விட்டது என்றே கொள்வோம். மீதி ஆறு யூனிட். அதை வெளியேற்ற வேண்டுமானால் ஒரு டன் ஏசி ஒன்று போதாது, இரண்டு வேண்டும். இதில் வெயில் சேரவில்லை. மே மாதச் சென்னையில் சராசரி உச்ச வெப்பம் 37 டிகிரிக்கு மேல். இருண்ட நிறம் அடித்த இரும்புத் தகடு அந்த வெயிலில் 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். பெட்டிக்கு ஓட்டுக்கூரை கிடையாது, பரண் கிடையாது, சூடான காற்று மேலே ஏறிப் போகத் திறப்பு கிடையாது. ஏசி போட்டால் புகைபோக்கி அந்தக் குளிர்ந்த காற்றையே இழுத்து வெளியே தள்ளும். கரண்ட் பில் கட்டுவது யார்? கடைக்காரர்.

அதனால்தான் இத்தகைய வளாகங்கள் பலவற்றில் பின்பக்கம் போய்ப் பார்த்தால் அடுப்பு பெட்டியை விட்டு வெளியே வந்திருக்கிறது. தகரம் போட்டு ஒரு சாய்ப்பு இறக்கி, அதன் கீழே சமைக்கிறார்கள். பெட்டிக்குள் பில் போடும் மேசையும் கூல்டிரிங்ஸ் ஃபிரிட்ஜும் இருக்கின்றன. உழைப்பவர்கள் தாங்களே திருத்திக்கொண்ட வடிவமைப்பு அது. தங்களுக்குத் தேவை ஒரு கூரை, காற்று, அகலம் என்று அவர்கள் செய்துகாட்டிவிட்டார்கள். வடிவமைத்தவர்கள்தான் பின்பக்கம் வந்து பார்க்கவில்லை.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தரையாகப் படரும். நாலாபுறமும் அடைத்து, வாசலிலும் விளிம்பு உயர்ந்து நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் அது வெளியேற வழியில்லாமல் தேங்கும். திறந்த கொட்டகையில் காற்றோடு போய்விடுகிற கசிவு, பெட்டிக்குள் ஆபத்தாக மாறுகிறது. பத்துப் பெட்டியில் பத்து நீல சிலிண்டர்கள், ஒவ்வொன்றிலும் 19 கிலோ, பக்கத்துச் சந்தில் குழந்தைகளோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கும் குடும்பங்கள். இதை அழகான சூழல் என்று என்னால் சொல்ல முடியாது.

"வெளிநாட்டில் வெற்றி பெற்றிருக்கிறதே" என்பார்கள். அந்த வெற்றிகளை நெருங்கிப் பார்க்க வேண்டும்.

லண்டன் ஷோர்டிச்சில் 2011 டிசம்பரில் திறந்த பாக்ஸ்பார்க்தான் இந்த மோகத்தின் தாய்வீடு. அறுபது பெட்டிகள். பெரிய கட்டுமானத்துக்காகக் காத்துக் கிடந்த நிலம் அது. ஐந்து ஆண்டுகளுக்கு என்று தற்காலிகமாகத் திட்டமிட்டார்கள். அங்கே ஜூலை மாதத்துச் சராசரி உச்ச வெப்பமே 24 டிகிரியைத் தொடுவதில்லை. குளிரை வெளியே நிறுத்துவதுதான் அந்த ஊரின் கவலை. அடைத்த பெட்டி அவர்களுக்கு உதவியாகக்கூட இருந்திருக்கும். நமக்கு அந்தக் கவலையே இல்லை.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் கதை இன்னும் முக்கியமானது. 2011 பிப்ரவரி 22 அன்று வந்த நிலநடுக்கத்தில் 185 பேர் இறந்தார்கள். நகரத்தின் நடுப்பகுதி அடைத்து வைக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் கேஷல் வீதியில் கப்பல் பெட்டிகளால் ஆன 'ரீஸ்டார்ட்' கடைவளாகம் திறந்தது. இடிபாடுகளுக்கு நடுவே மக்களை மறுபடி நகரத்துக்குள் வரவழைத்த இடம் அது. அந்த முயற்சிக்கு என் முழு மரியாதை உண்டு. இடிந்த ஊரில், எட்டே மாதத்தில், வேறு எதுவும் கிடைக்காத நேரத்தில் பெட்டி சரியான பதில்தான். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் அடுத்து என்ன செய்தார்கள் என்பதை நம்மூர் ரசிகர்கள் சொல்வதில்லை. 2018 தொடக்கத்தில் ரீஸ்டார்ட் மூடப்பட்டது. அந்த இடத்தில் 2019-ல் எழுந்தது ரிவர்சைடு மார்க்கெட். உயரமான கூரையின் கீழ் சிறு சிறு கடைகள் சேர்ந்திருக்கும் நிலையான சந்தைக் கட்டடம் அது. உலகத்தில் கன்டெய்னர் கடைத்தெருவை மிக நன்றாக அறிந்த ஊர், வசதி வந்ததும் கூரை போட்ட சந்தைக்குத்தான் திரும்பியது.

வெயில் ஊருக்கு லாஸ் வேகஸைக் காட்டுவார்கள். 2013-ல் அங்கே திறந்த கன்டெய்னர் பார்க்கில் கப்பல் பெட்டிகளோடு, கட்டடத்துக்கென்றே உள்ளூரில் செய்த இரும்புக் கூண்டுகளையும் சேர்த்துத்தான் கட்டினார்கள். பாலைவனத்து உலர்ந்த வெப்பம் வேறு, வியர்வை காயாத நம் கடற்கரைப் புழுக்கம் வேறு. 

உண்மையாகவே பெட்டிகளில் வாழ்கிற சந்தைகள் உண்டு. கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரில் உள்ள தோர்தோய் சந்தையில் ஆயிரக்கணக்கான பெட்டிகள், ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கில், வரிசை வரிசையாக நிற்கின்றன. சோவியத் ஒன்றியம் உடைந்த காலத்தில் தொடங்கியது. அங்கே கீழ்ப்பெட்டி கடை, மேல்பெட்டி கிடங்கு. வாடிக்கையாளர் மேலே ஏறுவதில்லை, சரக்குதான் ஏறுகிறது. பெட்டி அங்கே தன் பிறவித் தொழிலைச் செய்கிறது: சரக்கைப் பூட்டி வைக்கிறது. அந்த வியாபாரிகள் முப்பது ஆண்டு அனுபவத்தில் கண்டுகொண்டதை நம் வடிவமைப்பாளர்கள் கண்டுகொள்ளவில்லை. மேல்பெட்டியில் நாற்காலி போட்டு, ஒடுங்கிய இரும்புப் படியில் பாட்டியையும் பேரனையும் ஏறச் சொல்கிறார்கள். நம் ஊரில் கடைக்காரர்களை மாடிக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று அறிய வெளிநாடு போக வேண்டியதில்லை. தியாகராய நகர் பாண்டிபஜார் நடைபாதை வியாபாரிகளைப் பல மாடி வளாகத்துக்கு மாற்றியபோது, வாங்குபவர்கள் மேலே வருவதில்லை என்பதுதான் அவர்களுடைய ஓயாத முறையீடாக இருந்தது.

துணிக்கடைக்கும் இதே கதிதான். 2.35 மீட்டர் அகலத்தில் இரண்டு பக்கமும் ரேக் போட்டால் நடுவில் ஒருவர் நிற்கலாம். அவர் நகர்ந்தால்தான் அடுத்தவர் வரலாம். நம்மூர்க் கடைவீதியில் வாங்குகிறவர் முதலில் வெளியே நின்று தொட்டுப் பார்ப்பார், விலை கேட்பார், நகர்வார், திரும்பி வருவார். அதற்குக் கடையின் நீண்ட முகம் தெருவைப் பார்க்க வேண்டும். பெட்டியின் நீண்ட முகத்தைத் திறக்க வேண்டுமானால் அந்தச் சுவரை முழுக்க வெட்ட வேண்டும். வெட்டினால் பெட்டி தன் விறைப்பை இழக்கிறது. பிறகு உள்ளே இரும்புச் சட்டம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். மலிவு என்று தொடங்கியது வெல்டிங் பட்டறையில் விலை ஏறிக்கொண்டே போகிறது.

சுற்றுச்சூழல் வாதத்துக்கு அதிக இடம் தர வேண்டியதில்லை. ஒரு 20 அடிப் பெட்டியில் சுமார் இரண்டு டன் இரும்பு இருக்கிறது. கிடைக்கும் தளம் 14 சதுர மீட்டர். அதே பரப்புக்கு ஒரு சாதாரண இரும்புக் கொட்டகை போட்டால் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இரும்பில் முடிந்துவிடும். பழைய பெட்டி வீணாகப் போவதுமில்லை. உடைத்தால் உருக்காலைக்குப் போய் மறுபடி இரும்பாகிறது. தோற்றம் நன்றாக இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு பயணம் போய்வந்த கிட்டத்தட்டப் புதுப் பெட்டியை வாங்குவதும் நடக்கிறது. அதை மறுபயன்பாடு என்று சொல்வது நியாயமில்லை. அடியில் இருக்கும் பலகைத் தரையில் பூச்சி அரிக்காமலிருக்க மருந்து ஏற்றியிருப்பார்கள். சாப்பாட்டுக் கடைக்கு அதைப் பெயர்த்து எறிய வேண்டும்.

தூக்கிக்கொண்டு போகலாம் என்பதும் பாதி உண்மைதான். ரீஸ்டார்ட்டை 2014-ல் ஒருமுறை இடம் மாற்றினார்கள், நடக்காத காரியமில்லை. ஆனால் ஜன்னலும் கதவும் வெட்டி, குழாயும் ஒயரும் இழுத்து, மேடை கட்டி, டைல்ஸ் ஒட்டிய பெட்டியைத் தூக்க ஹைட்ரா கிரேன் வேண்டும், டிரெய்லர் வேண்டும், எல்லா இணைப்புகளையும் அறுக்க வேண்டும். கடையின் உள்வேலைக்குப் பணம் போட்டவர் பெரும்பாலும் வாடகைக்காரர். அவர் போகும்போது பெட்டி மனைக்காரரிடம் நின்றுவிடும். அவருடைய பணம் அதற்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். தள்ளுவண்டிக்காரருக்கு இருக்கும் நகரும் உரிமைகூட அவருக்கு இல்லை.

இனி என் முக்கியமான குற்றச்சாட்டுக்கு வருகிறேன்.

பத்து உணவுக் கடைகள் ஒரு மனையில் ஒரு நாள் நடக்க என்னென்ன வேண்டும்? காலையில் மாவு கரைக்கவும் காய் கழுவவும் தண்ணீர். இரவு பாத்திரம் தேய்க்க அதைவிட அதிகத் தண்ணீர். அந்தத் தண்ணீர் எண்ணெயோடும் சோற்றுப் பருக்கையோடும் போக ஒரு வழி. எண்ணெய் தனியே மிதந்து நிற்க ஒரு கிரீஸ் சேம்பர். அதை வாராவாரம் திறந்து அள்ள ஓர் ஆள். மிக்சிக்கும் கிரைண்டருக்கும் ஃபிரிட்ஜுக்கும் தடையில்லாத மின்சாரம். மக்கும் குப்பை, மக்காத குப்பை, வாழையிலை, எலும்பு எல்லாம் தனித்தனியே சேர ஓர் அறை. குப்பை வண்டி அங்கே வரை வந்து திரும்ப இடம். வேலை செய்பவர்களுக்கும் வந்தவர்களுக்கும் கழிப்பறை. இவற்றில் ஒன்றையாவது கப்பல் பெட்டி தருகிறதா? ஒன்றைக்கூடத் தருவதில்லை. ஆனால் கையிலிருக்கும் பணத்தின் பெரும்பகுதியை அது முதலிலேயே விழுங்கிவிடுகிறது. மிச்சத்தில் பின்பக்கம் ஒரு கறுப்பு சின்டெக்ஸ், வளைந்து நெளியும் பச்சை ஓஸ், சுவரோரமாகத் திறந்த வாய்க்கால், மூலையில் இரண்டு கழிப்பறை. திறப்பு விழாப் படங்களில் இவை வருவதில்லை.

கை கழுவும் இடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் எனக்குக் கோபமே வருகிறது. நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். சாப்பிடும் முன்னும் பின்னும் கை கழுவுகிறவர்கள். சாதாரண மெஸ்ஸில்கூட வாசலிலிருந்து பார்த்தாலே குழாய் எங்கே என்று தெரியும். பெட்டி வளாகங்களிலோ டிஷ்யூ பேப்பரை நீட்டுகிறார்கள். கழுவுதொட்டி இருந்தாலும் கழிப்பறைக்குள் இருக்கிறது. பெட்டியின் வரைபடம் பர்கரும் காபியும் விற்கும் ஊரிலிருந்து வந்தது; கறிக்குழம்பு ஊற்றிப் பிசைந்து சாப்பிடும் மனிதர் அந்த வரைபடத்தில் இல்லை. நாற்பது இருக்கைக்கு நான்கு குழாயாவது, சாப்பிடும் இடத்திலிருந்தே தெரியும்படி, குழந்தைக்கு எட்டும் உயரத்தில் ஒன்றோடு இருக்க வேண்டும். இதை அலங்காரத்துக்குப் பிறகு யோசிக்கிற இடத்தைச் சாப்பாட்டு வளாகம் என்று நான் ஏற்க மாட்டேன்.

நிழலும் அப்படித்தான். இந்த வளாகங்கள் மாலை ஆறு மணிக்குத்தான் உயிர் பெறுகின்றன. பகலில் அங்கே யாரும் உட்கார முடியாது. வாடகை மட்டும் இருபத்து நான்கு மணி நேரத்துக்கு. காலை பதினொரு மணி டீ, மதியச் சாப்பாடு, நான்கு மணி பஜ்ஜி என்று நம் ஊர் உணவு வியாபாரத்தின் பெரும்பகுதி பகலில் நடப்பது. ஒரு கூரையும் நாலு மரமும் இல்லாததால் அத்தனையும் போகிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் மாலை வியாபாரமும் போகிறது. பெட்டிகளுக்கு நடுவே நீலத் தார்ப்பாய் கட்டுகிறார்கள்.

இதற்கெல்லாம் எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு, அதை நான் ஒதுக்கவில்லை. "மனை எனக்கு ஐந்து ஆண்டுக் குத்தகைக்குத்தான் கிடைத்திருக்கிறது. அதில் கட்டடம் கட்ட முடியாது. பெட்டியை விட்டால் எனக்கு என்ன வழி?" என்று கேட்கிறார் முதலீடு செய்பவர். நியாயமான கேள்வி.

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் விடை இல்லாமல் இருந்ததே இல்லை. ஆயிரம் பேர் உட்காரும் கல்யாணப் பந்தலை இரண்டு நாளில் எழுப்பி, மூன்றாம் நாள் அடையாளம் தெரியாமல் பிரித்து லாரியில் ஏற்றும் பந்தல்காரர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். சென்னை தீவுத்திடலில் ஆண்டுதோறும் பொருட்காட்சி நடக்கிறது. 1977-ல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சியில் ஒரே அளவுக் கடைகள் நூற்றுக்கணக்கில், தரையும் கூரையும் விளக்குமாக, சில நாட்களில் எழுந்து நிற்கின்றன. அங்கேயும் எழுகிற புகார்கள் எதைப் பற்றி? கழிப்பறை, தண்ணீர், மழை ஒழுக்கு. கடை வைக்கத் தட்டி போதவில்லை என்று யாரும் சொல்வதில்லை. நம்மிடம் பிரித்துக் கோக்கும் கைத்திறன் ஏராளமாக இருக்கிறது. தரைக்கடியில் செய்ய வேண்டியதைச் செய்யும் வழக்கம்தான் இல்லை.

கீற்றுப் பந்தலுக்குத் திரும்பச் சொல்லவில்லை. 2004-ல் கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த பிறகு அடுப்பெரியும் இடத்தில் கீற்றுக் கூரையைப் பற்றி யாரும் பேசக்கூடாது. நான் சொல்வது போல்ட் முடுக்கிய இரும்புத் தூண்கள், வெப்பம் தடுக்கும் தகட்டுக் கூரை, உச்சியில் சூடான காற்று வெளியேறத் திறப்பு. தூணுக்குத் தூண் ஆறு மீட்டர், விளிம்பில் நான்கு மீட்டருக்குக் குறையாத உயரம், சாரல் அடிக்காத அளவுக்கு நீண்ட இறவாரம். குத்தகை முடிந்தால் ஸ்பேனரால் கழற்றி எடுத்துப் போகலாம். பெட்டியைவிட எளிதாக, குறைந்த லாரிகளில்.

அந்தக் கூரையின் கீழே நடுவில் ஒரு நீண்ட பள்ளம், மேலே கழற்றக்கூடிய மூடிகளோடு. அதற்குள் தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், மின்கேபிள். மூன்று மீட்டருக்கு ஒரு முனை: ஒரு குழாய், ஒரு வடிகால் வாய், ஒரு மீட்டர் பெட்டி, ஒரு கேஸ் வால்வு. சிலிண்டர்கள் அத்தனையும் வெளியே கம்பிவேலிக்குள் ஒரே இடத்தில். கடை என்பது அந்த முனையில் வந்து இணைகிற ஒரு மேடையும் அடுப்பும் ஷட்டரும் மட்டுமே. இளநீர்க் கடைக்கு ஒரு முனை போதும். பிரியாணிக் கடைக்கு இரண்டு. துணிக்கடைக்கு வடிகாலே வேண்டாம், பூட்டி வைக்க ஓர் அலமாரி போதும். பிரியாணிக்காரர் போய் வேறு இருவர் வந்தால் ஒரு தட்டியை நகர்த்தினால் முடிந்தது. கூட்டவும் குறைக்கவும் முடிவது இங்கேதான். பெட்டிக்குள் அது முடியாது. ஒன்றரைப் பெட்டி என்று எதுவும் இல்லை.

இப்படி இயங்குகிற இடங்கள் உலகில் இருக்கின்றன, அவற்றைப் பற்றித்தான் நம் மாணவர்கள் படிக்க வேண்டும். ஜப்பானின் ஃபுகுவோக்காவில் ஏறத்தாழ நூறு 'யாத்தாய்' கடைகள் ஒவ்வொரு மாலையும் தள்ளிக்கொண்டு வரப்பட்டு, இரவு நடந்து, விடியும் முன் மறைகின்றன. 3 மீட்டருக்கு 2.5 மீட்டர்தான் அளவு. அவற்றுக்கென்றே 2013-ல் அந்த நகரம் தனி விதிகளை இயற்றியது. பல இடங்களில் நடைபாதையிலேயே தண்ணீர், கழிவுநீர் இணைப்புகள் இருக்கின்றன. சிங்கப்பூர் 1970-களிலும் 80-களிலும் சுமார் 18,000 தெருவோர வியாபாரிகளைக் குழாயும் வடிகாலும் கூரையும் உள்ள உணவங்காடிகளுக்கு மாற்றியது. லிட்டில் இந்தியாவின் தேக்கா சென்டரில் நம்மவர்கள் இன்றும் பிரியாணி விற்கிறார்கள். கடைகள் சிறியவை, இருக்கைகள் எல்லோருக்கும் பொது, காற்று நாலாபுறமும். 2020-ல் யுனெஸ்கோ அந்த உணவங்காடிப் பண்பாட்டைத் தன் பட்டியலில் சேர்த்தது.

சிங்கப்பூர் வரைக்கும்கூடப் போக வேண்டாம். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தது. கூரை, மேடை, தண்ணீர், தராசு ஆகியவை அரசுடையவை. அடையாள அட்டையோடு வருகிற விவசாயிக்கு அன்றன்றைக்குக் கடை ஒதுக்கப்படும். விற்று முடித்ததும் கிளம்பிவிடுவார். நாளை அதே மேடையில் வேறு ஊர்க்காரர், வேறு காய். நிலையானது எது, மாறுவது எது என்பதை அவ்வளவு தெளிவாகப் பிரித்த ஒரு வடிவமைப்பு நம் கண்முன்னே கால் நூற்றாண்டாக இருக்கிறது. யாரும் அதைப் படம் எடுத்துப் பகிராததால் அது வடிவமைப்பு என்றே எண்ணப்படவில்லை.

2023-ல் ஒன்றிய அரசு நாடு முழுவதும் 100 உணவுத் தெருக்களை அமைக்க, தெருவுக்கு ஒரு கோடி ரூபாய் தருவதாக அறிவித்தது. எதற்குச் செலவழிக்கலாம் என்ற பட்டியலில் குடிநீர், கை கழுவும் வசதி, கழிப்பறை, பொதுத்தரை, கழிவு வெளியேற்றம் எல்லாம் இருக்கின்றன. வண்டிகளும் பெயர்ப்பலகைகளும் அவற்றுக்குப் பிறகுதான். நல்ல வரிசை. அந்த வரிசையிலேயே டெண்டர் விட வேண்டும். பள்ளமும் குழாயும் கிரீஸ் சேம்பரும் முடிந்து, பத்துக் கடைக்குரிய தண்ணீரை ஒரே நேரத்தில் ஊற்றி, எங்கும் தேங்காமல் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே கூரைக்குப் பணம் தர வேண்டும். கூரை முடிந்த பிறகே கடைகளுக்கு. தனியார் மனையிலும் உணவுக் கடைக்கு உரிமம் தரும்போது இதே சோதனையைக் கேட்கலாம்.

வரைபடம் போடும் முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டத்தின்படி அமைக்கப்படும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாத இடம் வியாபாரிகளுக்கு. அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. பொது நிலத்தில் உணவுத் தெரு என்றால் அந்தக் குழுவின் முன் வெறும் மனைப்படத்தை விரித்து வையுங்கள். இட்லி விற்கும் அம்மாவிடம் பாத்திரம் தேய்க்க எவ்வளவு இடம் வேண்டும் என்றும், பரோட்டா மாஸ்டரிடம் கல்லுக்குப் பின்னால் எத்தனை அடி வேண்டும் என்றும், வளையல் கடைக்காரரிடம் தெருவைப் பார்த்து எவ்வளவு முகப்பு வேண்டும் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அளவுகள் அங்கிருந்து வரட்டும்.